வாழையின் பூர்வீகம்: மரபணு அடையாளம் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, லால்குடி, தொட்டியம் பக்கம் வாழை போடுகிறவர்களிடம் பேசும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பூவன் கலப்பினம் என்றால் முகம் மாறுகிறது. டி.என்.ஏ. பார்த்தால் தெரியும் என்றால் அடுத்த கேள்வி கிளம்புகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எலுமிச்சை, மா பற்றிக் கேட்டவர்களுக்கும் பின்னால் பதில் இருக்கிறது.

வாழை மரமே இல்லையாமே, அப்புறம் எப்படிப் பழமரத்துல சேர்க்கிறீங்க?

தாவரவியல்படி அது பெரிய பூண்டு. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. மேலே நிற்பது ஒன்றையொன்று சுற்றிய இலை உறைகள். ஆனால் பேச்சு வழக்கில் எல்லோருக்கும் மரம்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பூவன் எங்க தாத்தா காலத்து நாட்டு ரகம். அதைப் போயி கலப்பினம்கிறீங்களே?

நாட்டு ரகம் என்பதும் சரி, கலப்பினம் என்பதும் சரி. தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் நியூகினியிலும் மூசா அக்குமினேட்டா என்ற காட்டு வாழை இருக்கிறது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்சீனம், பிலிப்பைன்ஸ் வரை மூசா பால்பிசியானா என்று இன்னொன்று. இரண்டிலுமே பழம் முழுக்கக் கொட்டை. அக்குமினேட்டாவில் சதை பிடித்த வகைகளை மனிதர்கள் கன்று பெயர்த்துக் கொண்டுபோய், பால்பிசியானா வளர்ந்த இடங்களில் நட்டார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பூத்தன. மகரந்தம் இடம் மாறியது. பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி, பேயன், ஏலக்கி எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இது நேற்று நடந்ததில்லை. நியூகினியில் குக் என்ற சதுப்பு நிலத்தில், ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயம் கிடைத்திருக்கிறது. கலப்பு வகைகள் தென்னிந்தியாவில் இத்தனை குவிந்து கிடப்பதால், அவற்றில் சில இந்த மண்ணிலேயே உருவாகியிருக்க வேண்டும் என்பது வாழை ஆய்வாளர்களின் நெடுநாள் கருத்து. அதனால் 'கலப்பினம்' என்ற சொல்லால் பூவனின் பெருமை குறைகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்ப ஜி-9 தானே சார் ஹைபிரிட்? அதுல மருந்து, கெமிக்கல்லாம் ஏத்தியிருக்காமே?

சந்தையில் 'ஹைபிரிட் பழம்' என்று எதைச் சொல்கிறார்களோ, அந்த ஜி-9 (கிராண்ட் நைன்) ரகத்தில் பால்பிசியானா கலப்பே கிடையாது. நாட்டுப்பழம் என்று விற்கும் பூவனில்தான் இரண்டு இனங்களும் இருக்கின்றன. மக்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

ஜி-9 கேவண்டிஷ் என்ற வாழைக் கூட்டத்தைச் சேர்ந்தது. ரொபஸ்டா, குட்டை மோரீஸ் எல்லாம் அதே கூட்டம். அக்குமினேட்டாவுக்குள்ளேயே பல துணையினங்கள் உண்டு: நியூகினியின் பாங்க்சியை, ஜாவாவின் செப்ரினா, மலாயாவின் மலக்கன்சிஸ், பர்மா பக்கத்துப் பர்மானிக்கா. அவற்றுக்குள் நடந்த கலப்பில் கேவண்டிஷ் வந்தது. ஜி-9 கன்று திசு வளர்ப்பில் வருவதால் கெமிக்கல் என்ற பேச்சு கிளம்பியிருக்கலாம். திசு வளர்ப்பு என்பது கன்றைப் பெருக்கும் முறை. அதற்கும் கலப்பினத்துக்கும் சம்பந்தமில்லை.

ஏஏபி, ஏபிபின்னு எழுதுறாங்களே, அது என்ன கணக்கு?

அக்குமினேட்டாவிலிருந்து வந்த ஒரு முழு குரோமோசோம் தொகுதிக்கு 'ஏ', பால்பிசியானாவிலிருந்து வந்ததற்கு 'பி'. ஒரு தொகுதியில் 11 குரோமோசோம்கள். இரண்டு தொகுதி இருந்தால் 22, மூன்று இருந்தால் 33.

நமக்குத் தெரிந்த ரகங்களில் ஏலக்கி ஏபி. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், பச்சநாடன், மலையில் விளையும் விருப்பாச்சி எல்லாம் ஏஏபி. மொந்தன், கற்பூரவல்லி, பேயன் ஏபிபி. செவ்வாழை, ரொபஸ்டா, ஜி-9 ஏஏஏ. கன்னியாகுமரி மட்டி வெறும் ஏஏ. மாவுப் பிடிப்பும் வறட்சி தாங்கும் குணமும் பொதுவாகப் பி பக்கத்திலிருந்து வருபவை. வாய்க்கால் கடைமடையில் தண்ணீர் எட்டாத கொல்லையில் மொந்தனும் கற்பூரவல்லியும் பிழைத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதையே இல்லாத மரம் எப்படிங்க கலந்துச்சு?

கலந்த காலத்தில் பெற்றோருக்கு விதை இருந்தது. மகரந்தத்திலும் சூலிலும் பாதிப் பாதிக் குரோமோசோம்தான் இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு செடியில் அந்தப் பாதியாகும் வேலை தவறி, முழு 22உம் அப்படியே சூலுக்குள் போய்விடும். அதன்மேல் இன்னொரு செடியின் 11 சேர்ந்தால் 33. மூன்று தொகுதி உள்ள செடியில் குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாமல் திணறும், விதை பிடிக்காது. மகரந்தம் சேராமலேயே காய் பருக்கும் குணமும் கூடவே இருந்ததால் கொட்டையில்லாப் பழம் கிடைத்தது. அதைக் கண்ட யாரோ ஒருவர் பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டார். அன்றிலிருந்து கை மாறிக் கை மாறி நம் படுகை வரை வந்திருக்கிறது.

மலட்டுத்தன்மை எல்லா ரகத்திலும் ஒரே அளவில் இல்லை. வீரியமுள்ள மகரந்தம் பக்கத்திலிருந்து வந்து விழுந்தால் கற்பூரவல்லி விதை பிடிக்கும். பழத்தைக் கடிக்கும்போது பல்லில் கறுப்புக் கொட்டை அகப்பட்டால், கன்று கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

டெஸ்ட் எதுக்கு? பார்த்தாலே தெரியாதா?

ஓரளவு தெரியும். சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் 1955இல் 15 குணங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வைத்தார்கள். சுத்த அக்குமினேட்டாவுக்கு மொத்தம் 15 வரும், சுத்த பால்பிசியானாவுக்கு 75. கலப்புகள் நடுவில் விழும். அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். ஜி-9இல் மேலிருந்து மூன்றாவது இலையின் காம்பை, தண்டுக்கும் இலைக்கும் நடுவில் அரிவாளால் குறுக்கே வெட்டுங்கள். காம்பின் மேல்பள்ளம் வாயைத் திறந்துகொண்டு, ஓரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மொந்தனில் அதே இடத்தில் வெட்டினால் இரண்டு ஓரமும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். பூவனில் இரண்டுக்கும் நடு. அடுத்து வாழைப்பூ: அக்குமினேட்டாவில் மடல் தூக்கியதும் பின்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், பால்பிசியானாவில் தூக்கிய மடல் சுருளாமல் நிற்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், குணங்கள் பருவத்துக்கும் மண்ணுக்கும் தக்கபடி கொஞ்சம் மாறும். பூ வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். எந்த அக்குமினேட்டா, எந்த வழியில் வந்தது என்பதையோ கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

மரபணு அடையாளம்னா என்ன? மரத்துக்குள்ள ஏதாச்சும் செலுத்துவாங்களா?

எதையும் செலுத்த மாட்டார்கள். மரபணு மாற்றுப் பயிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது படிக்கும் வேலை, திருத்தும் வேலை இல்லை. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. அதில் சில இடங்கள் ஒரு வம்சத்தில் ஒரு மாதிரியும் வேறு வம்சத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அந்த இடங்களைத்தான் மரபணு அடையாளம் என்கிறோம்.

அதிகம் பயன்படுவது இரண்டு வகை. ஒன்று, இரண்டு மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் இடம். எத்தனை முறை வருகிறது என்பது வம்சத்துக்கு வம்சம் மாறும். இதற்கு எஸ்.எஸ்.ஆர். என்று பெயர். மற்றது ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் இடம், எஸ்.என்.பி. அக்குமினேட்டாவின் முழு டி.என்.ஏ. வரிசை 2012இல் வெளியானது. அதற்குப் பிறகு எஸ்.என்.பி.க்களை ஆயிரக்கணக்கில் ஒரே தடவையில் ஒப்பிடுவது சாத்தியமாகிவிட்டது.

லேப்ல என்னதான் செய்வாங்க? சும்மா ஒரு சீட்டைக் கொடுத்துட்டா எப்படி நம்புறது?

நல்ல கேள்வி. விரியாத குருத்திலையில் ஒரு துண்டு எடுப்பார்கள். முற்றிய இலை ஆகாது. வேட்டியில் பட்டால் போகாத வாழைக்கறைக்குக் காரணமான பொருள்களே டி.என்.ஏ.வையும் பழுப்பாக்கிக் கெடுக்கும். இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, தேவையான ஒரு பகுதியை மட்டும் பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கில் படியெடுப்பார்கள்.

ஏ, பி பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் படியெடுத்து, 'ஜி-டி-ஏ-சி' என்ற வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதியை அதில் விடுவார்கள். பி வகையில் ஓரிடத்தில் அந்த வரிசை இருக்கிறது, ஏ வகையில் அந்த இடத்தில் இல்லை. அதனால் ஏ தரும் துண்டு 530 எழுத்து நீளம். பி-யில் அதே துண்டு 350, 180 என்று இரண்டாக உடைந்திருக்கும். ஜெல்லில் ஓடவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். ஜி-9க்கு 530இல் மட்டும் கோடு. பூவனுக்கும் மொந்தனுக்கும் மூன்று கோடுகளும். பூவனில் 530 அழுத்தமாகவும் மொந்தனில் கீழே உள்ள இரண்டும் அழுத்தமாகவும் இருக்கும். அழுத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் தவறு வரலாம் என்பதால், தொகுதி எத்தனை என்பதை, செல்லில் உள்ள டி.என்.ஏ. அளவை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் தனியாகக் கண்டறிவார்கள். சீட்டு மட்டும் போதாது, ஜெல் படத்தையும் கேளுங்கள். பக்கத்திலேயே தெரிந்த ரகங்களையும் ஓடவிட்டிருக்க வேண்டும். அப்படி ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஏற்க மாட்டேன்.

தாய் எது, தகப்பன் எதுன்னு கூடச் சொல்ல முடியுமா?

முடியும், அதுவும் வாழையில் ரொம்ப அழகாக முடியும். செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் தனி டி.என்.ஏ. உண்டு. பெரும்பாலான செடிகளில் இரண்டுமே தாய்வழி வருபவை. வாழையில் பசுங்கணிகம் தாய்வழி, மைட்டோகாண்ட்ரியா தந்தைவழி. 1990களில் தெரியவந்த விஷயம் இது. ஒரே இலைத் துண்டில் தாய்வழியைத் தனியாக, தந்தைவழியைத் தனியாகப் பின்தொடரலாம்.

கேவண்டிஷின் கதை ஓரளவு துலங்கியது இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளால்தான். அதன் மூன்று தொகுதிகளில் இரண்டு, கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கத்தில் இன்றும் விளையும் ம்சாரே என்ற ஏஏ வாழைகளின் உறவு வட்டத்திலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் பழத்துக்கும் அதே வட்டத்திலிருந்துதான் இரண்டு தொகுதி.

எங்க ஊர்ல பூவன், கேரளாவுல பாளையங்கோடன்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றுதான். வங்காளத்தில் சம்பா, ஆந்திரத்தில் கற்பூர சக்கரகேலி, உலக வழக்கில் மைசூர். ரஸ்தாளிக்கு அஸ்ஸாம், பீகார் பக்கம் மால்போக், வங்காளத்தில் மர்த்தமான், ஆந்திரத்தில் அம்ருதபாணி. உலகப் பட்டியலில் சில்க். விதையில்லாமல் கன்றாலேயே பெருகியதால், பெயர் எத்தனை ஆனாலும் அடையாளங்கள் ஒத்துப்போகின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'பூவன்' என்று முடிந்தாலே உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெய்ப்பூவன் நம் ஏலக்கி. அது ஏபி, வேறு வம்சம்.

ரொபஸ்டாவைக் கொடுத்துட்டு ஜி-9ன்னு பில் போட்டுட்டாங்க. டெஸ்ட்ல மாட்டுமா?

பெரும்பாலும் மாட்டாது. இரண்டும் ஒரே மூதாதைக் கன்றின் வாரிசுகள். நடுவில் எங்கோ நிகழ்ந்த சிறு மாற்றத்தால் உயரமும் தாரும் வேறுபடுகின்றன. வழக்கமான எஸ்.எஸ்.ஆர். அடையாளங்கள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே வரும். செவ்வாழையில் திடீரென்று ஒரு மரம் பச்சைக் காய் விடுமே, அதற்கும் இதே பதில். பெற்றோரைக் கண்டுபிடிக்கும் கருவியால் உடன்பிறந்த மாற்றத்தைப் பிடிப்பது கடினம்.

திசு வளர்ப்புக் கன்று வாங்குகிறவர்கள், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டுவந்த சான்றளிப்புத் திட்டத்தின் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைரஸ் இல்லை என்பதையும் கன்று தாய்ச்செடிக்கு மாறாமல் இருப்பதையும் சோதிக்கிறார்கள்.

ஏஏபின்னா சரியா ரெண்டு பங்கு ஏ, ஒரு பங்கு பி தானே?

பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பெலிபிட்டா என்ற ரகம் ஏபிபி. கணக்குப்படி ஏ 11, பி 22 இருக்க வேண்டும். குரோமோசோம்களுக்கு நிறமேற்றிப் பார்த்தபோது ஏ 8, பி 25 இருந்தன. பின்னால் முழு வரிசைகளை ஒப்பிட்டபோது இன்னும் பல ரகங்களில், ஒரே குரோமோசோமில் பாதி ஏ, பாதி பி என்று துண்டுகள் ஒட்டியிருப்பது தெரிந்தது.

விதை பற்றிய கேள்வியில் சொன்ன '22உடன் 11 சேர்ந்தது' என்பது ஒரே படியில் முடிந்த கதை அல்ல என்று இதிலிருந்து ஊகிக்கலாம். நடுவில் ஏபி செடிகள் இருந்து, அவற்றுக்குள் துண்டுகள் இடம் மாறி, மறுபடியும் பெற்றோர் வகையுடன் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தைப் பார்க்கும் 530 எழுத்துச் சோதனைக்கு இதெல்லாம் தெரியாது. பூர்வீகத்தை முழுதாக அறிய, 11 குரோமோசோமிலும் பரவிய அடையாளங்கள் வேண்டும்.

எல்லாம் சரி தம்பி, பூர்வீகம் தெரிஞ்சு எனக்கு என்ன லாபம்?

வாடல் நோயைப் பாருங்கள். ரஸ்தாளியும் பூவனும் இரண்டுமே ஏஏபி. ஒரே படுகையில் ரஸ்தாளி மஞ்சளித்து மடிந்து சாய, பக்கத்தில் பூவன் நிற்கிறது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் வந்த வழி வேறு. ரஸ்தாளி எந்த வம்சமோ அந்த வம்சத்துக் கன்றை, வேறு பெயரில் வாங்கி அதே நோய் மண்ணில் நட்டால் மறுபடியும் நஷ்டம்தான். அடையாளம் பார்த்தால் அது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பூவன் இலையில் மஞ்சளும் பழுப்புமாகக் கீற்று விழும் ஸ்ட்ரீக் வைரஸ். பால்பிசியானாவின் குரோமோசோமுக்குள்ளேயே இந்த வைரஸ்களின் டி.என்.ஏ. துண்டுகள் புதைந்திருக்கின்றன. வறட்சி, திசு வளர்ப்பு போன்ற அழுத்தத்தில் அவை விழித்துக்கொள்ளக்கூடும். அதனால் பி உள்ள ரகத்தில் சாதாரண பி.சி.ஆர். 'வைரஸ் இருக்கிறது' என்று காட்டினால் உடனே மரத்தை வெட்ட வேண்டாம். புதைந்து கிடக்கும் துண்டையே அது காட்டியிருக்கலாம். முழு வைரஸ் துகளைத் தனியாகப் பிடிக்கும் சோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

மனுஷங்க திட்டம் போட்டுக் கலந்தது ஏதாச்சும் உண்டா?

உண்டு, நம் டெல்டாவிலேயே ஆரம்பித்தது. இந்தியாவில் வாழைக் கலப்பின ஆராய்ச்சி 1949இல் ஆடுதுறையில் தொடங்கியது. நெல்லுக்குப் பேர்போன ஊர் என்பதால் பலருக்கு இது நினைவில் இல்லை, இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் உருவான கோ-1 ரகத்தில் லாடன், கதலி என்ற இரண்டு ரகங்களும் பால்பிசியானாவும் சேர்ந்திருக்கின்றன. பெற்றோர் எழுதி வைக்கப்பட்ட இத்தகைய ரகங்களை வைத்துத்தான் அடையாளச் சோதனை சரியாகச் சொல்கிறதா என்று சரிபார்க்க முடிகிறது.

எலுமிச்சை, நார்த்தைக்கும் இதே டெஸ்ட் உண்டா?

முறை அதேதான், அடையாளங்கள் வேறு. இந்தக் குடும்பத்தில் மூத்தவை சிட்ரான் (தடித்த தோலுள்ள பெரிய காய்), பம்ப்ளிமாஸ், மாண்டரின் (தோல் எளிதில் உரியும் சிறிய ஆரஞ்சு) ஆகிய மூன்றும், இன்னும் சில காட்டு இனங்களும். நம் வீட்டு எலுமிச்சையின் தந்தை சிட்ரான். தாய் மைக்ராந்தா என்ற சிறிய பூவுள்ள காட்டு இனம். மேல்நாட்டு மஞ்சள் லெமனுக்குத் தாய் புளிப்பு ஆரஞ்சு, தந்தை மறுபடியும் சிட்ரான். சாத்துக்குடி, கமலா போன்ற ஆரஞ்சு வகைகளில் பம்ப்ளிமாஸும் மாண்டரினும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. 2018இல் 60 வகைகளின் முழு வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வு, இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தை இவற்றின் பிறப்பிடமாகக் காட்டியது.

மாங்கன்று வாங்கினா மல்லிகாதானான்னு பார்க்கலாமா?

பார்க்கலாம். மல்லிகாவின் தாய் நீலம், தந்தை தசேரி. ஒவ்வோர் அடையாள இடத்திலும் பிள்ளைக்கு ஒரு பிரதி தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். நீலத்திலும் தசேரியிலும் இல்லாத ஒன்று பல இடங்களில் தெரிந்தால் அது மல்லிகா இல்லை.

கோயில் ஸ்தல விருட்சமா நிக்கிற வாழையிலயும் பார்க்கலாமா? மரத்துக்கு ஏதும் ஆகாதே?

ஆகாது. விரல் நீள இலைத் துண்டு போதும். தாரைத் தொட வேண்டியதில்லை. திருப்பைஞ்ஞீலியில் ஞீலி வாழையே ஸ்தல விருட்சம். அங்கே நிற்பது போன்ற வாழைகளில் கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொல்லை ஓரத்துல பேரே தெரியாத வாழை ஒண்ணு நிக்குது. என்ன செய்யட்டும்?

முதலில் வெட்டாதீர்கள். ஜி-9 வந்த பிறகு ஓரக்கால்களில் நின்ற ரகங்கள்தான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நன்றாக இருக்கும் ஈட்டிக் கன்று (ஈட்டி போல் குறுகிய இலையுள்ள பக்கக் கன்று) இரண்டைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டு வையுங்கள். தாய்மரம் காற்றில் சாய்ந்தாலும் ரகம் தப்பும். மேலே சொன்னபடி இலைக்காம்பின் வெட்டு, வாழைப்பூ மடல், தார், குறுக்கே வெட்டிய பழம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். யாரிடமிருந்து கன்று வந்தது, வீட்டில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இலை கொடுக்க வேண்டுமானால் குருத்திலைத் துண்டை, பை நிறைய சிலிக்கா ஜெல் மணிகளோடு மூடி வையுங்கள்; காய்ந்த இலையிலும் டி.என்.ஏ. நிற்கும். திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நேரில் போய்ப் பேசுங்கள். தனி ரகம் என்று உறுதியானால், பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001இன் கீழ் உழவர் ரகமாக உங்கள் பெயரிலேயே பதியலாம். உழவர் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தில் ரகத்தின் குணங்களையும் வரலாற்றையும் கேட்பார்கள். எடுத்த படங்களும் எழுதி வைத்த குறிப்பும் அங்கே வேண்டியிருக்கும்.